நாறாத துண்டின் அற்புதம்

சத்தம்போட்டே சொல்கிறேன், இதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. சத்தியம் பண்ணக் கூடாதென்று ஓய்வுநாள் பள்ளியில் காதைத் திருகிச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், அதனால் பண்ணவில்லை. பண்ணலாம் என்றிருந்தால் இந்த வலது முழங்காலில் ஓங்கி அடித்துப் பண்ணியிருப்பேன், ஆனால் இன்றைக்கு அதை அடிக்க முடியாது, இன்னும் கொஞ்ச நேரத்தில் அது எனக்கு வேண்டியிருக்கிறது. என்னைத் தெரிந்தவர்கள், யாரு, அருமைநாயகமா, மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்தவன்தானே, புயலில் அறுந்த வயரின் இரண்டு முனையையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டு தன் உடம்பு வழியாகவே கிறிஸ்துமஸ் ஆராதனைக்குக் கரண்டு கொடுத்ததாகச் சொல்கிறவன்தானே என்பார்கள். அதுவும் உண்மைதான், அதை விடுங்கள். இப்போது பாளையங்கோட்டையில் எங்கள் கோயிலில் ஞாயிறு ஆராதனை நடந்துகொண்டிருக்கிறது, மாதத்தின் முதல் ஞாயிறு, ஆகவே நற்கருணை உண்டு. ஐயர், எங்கள் பக்கம் சபைக் குருவை ஐயர் என்றுதான் சொல்வது, அப்பத்துக்கும் திராட்சை ரசத்துக்கும் ஜெபம் பண்ணி முடித்துவிட்டார், டெய்சி டீச்சர் ஆர்கனில் கீர்த்தனையை எடுத்துவிட்டாள், முன்வரிசை எழும்பிவிட்டது, நான் ஆண்கள் பக்கம் நடுவரிசையில் உட்கார்ந்து என் முழங்காலோடு பேசிக்கொண்டிருக்கிறேன். கேட்டுக்கோ, ஒரே ஒரு தடவை. இறங்கு, இரு, எழும்பு. இறங்குவது பெரிதில்லை, எவனும் இறங்கலாம், விழுவதுகூட இறங்குவதுதான். எழும்ப வேண்டும். பலிபீடத்துக்கு முன்னால் மரக் கிராதி இருக்கிறது, அதில் ஒரு வரிசை முழங்கால்படியிட்டு அப்பமும் ரசமும் வாங்கும், சமாதானமாய்ப் போங்கள் என்று ஐயர் கையை உயர்த்தியதும் வரிசை மொத்தமும் ஒன்றாக எழும்பும், பிறகுதான் அடுத்த வரிசை வந்து இறங்கும்; ஒருத்தன் எழும்பவில்லையென்றால் கோயிலே நிற்கும். போன வருஷத்து ஈஸ்டரில் நின்றது. என்னால்தான் நின்றது.

அன்றைக்கு என்ன நடந்ததென்றால், ஐயர் கையை உயர்த்திவிட்டார், எனக்கு வலப்பக்கம் இருந்தவர்கள் எழும்பிவிட்டார்கள், இடப்பக்கம் எழும்பிவிட்டார்கள், நான் மட்டும் ஆணியடித்த மாதிரி இருக்கிறேன், என் முழங்கால் திடீரென்று தனி ஆளாகி, நீ போ, நான் வரவில்லை என்கிறது. நான் உருக்கமாக ஜெபிக்கிறேன் என்று நினைத்து ஐயர் கண்ணை மூடிக்கொண்டார். அவர் மூடினதைப் பார்த்துக் கோயில் முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டது. டெய்சி டீச்சருக்குப் பாட்டு தீர்ந்துபோய் முதல் அடியிலிருந்து திரும்ப ஆரம்பித்தாள். கடைசியில் மணியடிக்கிற கோயில்பிள்ளையும் பாடகர் குழுவில் இரண்டு பேரும் வந்து அரிசி மூட்டையைக் கிளப்புகிற மாதிரி என்னைக் கிளப்பினார்கள். அடுத்த மாதமே எனக்கு நாற்காலி. முழங்கால்படியிட முடியாதவர்களுக்கென்று முன்னால் ஓரமாக நீலப் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருக்கும், எல்லோரும் வாங்கினபிறகு ஐயர் இறங்கி அவர்களிடம் வருவார். அங்கே நிரந்தரக் குடியாக இருக்கிறவர் பாக்கியமுத்து, ரிட்டயர்டு டிராயிங் வாத்தியார், என் கூடப் படித்தவர், என் கதை ஒன்றையும் இன்றுவரை நம்பாத ஒரே மனுஷர். நான் வருகிறேன் என்றதும் அவருக்கு வாயெல்லாம் பல். “வாரும் வே! உமக்குன்னு குடையைப் போட்டுல்லா சீட்டு புடிச்சு வச்சிருக்கேன். ஃபேனுக்கு நேர் கீழ. ஐயரே நம்மளத் தேடி வருவாரு, நாம எதுக்கு அவரத் தேடிப் போவணும்?” சௌகரியமான நாற்காலிதான். அதுதான் பயம். உட்கார்ந்ததும் எனக்கு மேலே இருந்து கீழே படிப்படியாகத் தெரிந்தது: கிராதியிலிருந்து நாற்காலி, நாற்காலியிலிருந்து வீட்டுக் கட்டில், அங்கே ஐயர் சின்னப் பெட்டியில் அப்பமும் ரசமும் கொண்டுவருவார், கட்டிலிலிருந்து கல்லறைத் தோட்டம், அங்கே யாரும் ஒன்றும் கொண்டுவர வேண்டியதில்லை. ஆனால் அதுகூடப் பெரிதில்லை. தங்கபுஷ்பம்தான். கிராதியின் நடுவில் ஐயர் வந்துபோக இடுப்பளவில் ஒரு கதவு உண்டு. ஆண்கள் வலப்பக்கமாகவும் பெண்கள் இடப்பக்கமாகவும் போவோம், இரண்டு வரிசையிலும் முதலில் போகிறவர்கள் நடுவுக்குப் போக வேண்டும், ஆக ஆண்களில் முதல் ஆளும் பெண்களில் முதல் ஆளும் அந்தக் கதவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகத் தோளோடு தோள் முழங்கால்படியிடுவார்கள். கல்யாணமான முதல் மாதத்திலேயே நானும் அவளும் இதைக் கண்டுபிடித்துவிட்டோம். யாருக்கும் தெரியாமல் நான் பின்னால் நிற்கிறவருக்கு வழிவிடுவேன், அவள் தலையில் முக்காட்டைச் சரிசெய்கிற மாதிரி இரண்டு பேரை முன்னால் விடுவாள், கடைசியில் சரியாகக் கதவில் வந்து சேர்ந்துவிடுவோம். ஒரு நாளும் பேசி வைத்துக்கொண்டதில்லை. பேசினால் அது திட்டம், பேசாவிட்டால் அது தேவசித்தம். இந்த ஒன்றரை வருஷமாக நான் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து பார்க்கிறேன், அவள் கதவுக்கு அந்தப் பக்கம் முழங்கால்படியிட்டிருக்கிறாள், இந்தப் பக்கம், என் இடத்தில், ஒரு பேங்க் மேனேஜர்.

இரண்டாவது வரிசை போகிறது. எங்களுக்கு இன்னும் நேரமிருக்கிறது. தொடையை இறுக்கிப் பார்க்கிறேன், இருக்கிறது, கல் மாதிரி இல்லை, ஆனால் கொய்யாக்காய் மாதிரி இருக்கிறது. முட்டி தேய்மானம் என்றார் டாக்டர். எதனால் இப்படி ஆச்சு என்று கேட்டார், கம்பத்தில் ஒற்றைக் காலில் நின்று வேலை பார்த்ததில் என்றேன். ஐயர் கேட்டார், முழங்காலிலேயே நின்று ஜெபித்ததில் என்றேன். பாக்கியமுத்து கேட்டார், களக்காட்டு மலையில் லைன் இழுக்கப் போனபோது ஒரு கரடியோடு மல்லுக்கட்டினதில் என்றேன். செருப்பு தேய்கிற மாதிரி சும்மா தேய்ந்துபோச்சு என்று சொல்ல யாருக்குத்தான் மனசு வரும்? டாக்டர் சொன்னார், ஆபரேஷன் பண்ணலாம், இல்லையென்றால் தொடைச் சதையைப் பலப்படுத்திப் பாரும், மூட்டுக்குச் சதைதான் தூண். அப்படித்தான் கோயிலுக்கு எதிர்த்தாற்போல சைக்கிள் கடை மாடியில் இருக்கிற ஜிம்முக்குப் போனேன். வீட்டில் சொல்லவில்லை. எழுபது தாண்டினவன் கால்சட்டை போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் குதிக்கப் போகிறேன் என்று எந்த வாயால் சொல்வது? விடிகிறதற்கு முன்னால் எங்க கிளம்பிட்டீய என்று தங்கபுஷ்பம் கேட்டாள், கோயில் பக்கம் என்றேன். பக்கம்தானே. வேதப் புத்தகம் வைக்கிற ஜிப்புப் பையில் வேதத்தை எடுத்து அலமாரியில் துணிக்குப் பின்னால் வைத்துவிட்டு, ஒரு துண்டையும் கால்சட்டையையும் மடித்துத் திணித்துக்கொண்டு போனேன். ஜிம் வைத்திருக்கிறவன் சுடலைமணி, கபடி ஆடினவன், அவனுக்குக் கழுத்து கிடையாது, தோளில் நேரே தலையை வைத்திருக்கிறார்கள். என்னைப் பார்த்ததும், “அண்ணாச்சி, சைக்கிள் கடை கீழல்லா” என்றான். எனக்குச் சைக்கிள் வேண்டாம்டே, முழங்கால் வேணும் என்றேன்.

உள்ளே போனதும் எனக்கு ஒன்று உறைத்தது, இது நான் ஏற்கெனவே வந்த இடம். நாலு சுவரும் கண்ணாடி. கோயிலில் பாவ அறிக்கையை எல்லோரும் ஒன்றாகச் சொல்லும்போது யார் பாவம் யாருக்குத் தெரியும், முணுமுணுத்துத் தப்பித்துவிடலாம், இங்கே என் வயிறு தனியாக முன்னால் வந்து நின்று அறிக்கை பண்ணியது. வருஷப்பிறப்பு ஆராதனையில் நிற்க இடமில்லாத மாதிரி ஜனவரியில் அந்த மாடியிலும் நிற்க இடமில்லை, பொங்கல் கழிந்தபோது பழைய ஆட்களும் நானும்தான் மிச்சம், லெந்து என்கிற நோன்பு நாளில் மாமிசத்தை விட்டவர்கள் ஈஸ்டரன்றைக்கு விட்டதையெல்லாம் வட்டியோடு பிடிப்பதுபோல டயட்டு டயட்டு என்றவர்கள் கீழே புரோட்டாக் கடையில் இருந்தார்கள். சோர்ந்து போகிற அன்றைக்கும் வந்து நில்லுங்க, ஒண்ணும் செய்யாட்டியும் வந்து நில்லுங்க அண்ணாச்சி என்று சுடலைமணி சொன்னபோது, இதையே நாற்பது நாள் தியானக் கூட்டத்தில் வெளியூர் ஐயர் ஒருத்தர் எவ்வளவு நீட்டிச் சொன்னார் என்று நினைத்துக்கொண்டேன். நோகிற அன்றைக்குச் சதை வளராதாம், ஓய்ந்து கிடக்கிற அன்றைக்குத்தான் வளருமாம், ஆகவே ஞாயிற்றுக்கிழமை வரவே கூடாது என்றான். ஓய்வுநாளை எதற்கு வைத்தார் என்று இத்தனை வருஷம் கழித்து ஒரு கபடிக்காரனிடம் தெரிந்துகொண்டேன். நான் கம்பியைத் தூக்கும்போது அவன் பின்னால் நின்று கையைக் கீழே நீட்டிக்கொண்டே வருவான், தொட மாட்டான், தொடாமல் ஒரு விரற்கடை கீழே அந்தக் கை கூடவே இறங்கும், கூடவே ஏறும். கிருபையைப் பற்றி எத்தனை பிரசங்கம் கேட்டுத் தூங்கியிருக்கிறேன். இப்போது யாராவது கேட்டால் கையை இப்படி நீட்டிக் காட்டுவேன், தொடாமல், ஒரு விரற்கடை.

பிளாங்க் என்று ஒன்று. குப்புறப் படுத்து, முழங்கையிலும் கால்விரலிலும் மட்டும் ஊன்றி உடம்பைப் பலகை மாதிரி தூக்கிப் பிடித்துக்கொண்டு இருக்க வேண்டும். எவ்வளவு நேரம் தாங்குதுன்னு எண்ணிக்கிடுங்க என்றான் சுடலைமணி. எண்ணத் தொடங்கினால் எனக்கு இடையிலே வேறு கணக்கு வந்துவிடும், அதனால் கர்த்தர் கற்பித்த ஜெபத்தை, பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே என்கிறதை, சொல்லத் தொடங்கினேன். முதல் நாள் அவருடைய நாமத்தைச் சொல்லி முடிக்கும் முன்னாலேயே பொத்தென்று விழுந்தேன். இரண்டு வாரத்தில் ராஜ்யம் வரும் இடத்துக்கு வந்தேன். சாப்பாடு கேட்கிற இடத்தில் பல நாள் கிடந்தேன், அதைத் தாண்டுகிறதாகவே இல்லை, வயிற்றுக்கு அந்த இடம் பிடித்துப்போயிற்று. அப்புறம் மன்னிப்பு. அந்த இடத்தில் உடம்பு முழுக்க நடுங்கும், வேர்வை மூக்கு நுனியிலிருந்து தரையில் சொட்டும், எனக்குத் தப்பிதம் செய்தவர்களில் யாரை மன்னிக்கலாம் என்று பார்த்தால் பாக்கியமுத்துதான் முதலில் வந்து நிற்பார், சரி போ வே என்று மன்னித்தால் இன்னும் ஒரு மூச்சு தாங்கும். “அது என்ன மந்திரம் அண்ணாச்சி, வாய்க்குள்ள?” என்றான் சுடலைமணி. “வாச்சை விடக் கணக்கா இருக்கே!”

“மந்திரம் இல்லடே, ஜெபம்.”

“எனக்கும் சொல்லித் தாங்க. எங்க பயலுவள பத்து எண்ணச் சொன்னா ஏழுலருந்து பத்துக்குத் தாவிருதானுவ. இதுல தாவ முடியாது போலிருக்கு.”

“தாவலாம்டே,” என்றேன், “அறுபது வருஷமா தாவிக்கிட்டுத்தான் இருந்தேன்.” சொன்னபிறகு அது சிரிப்புக்குச் சொன்னதில்லை என்று எனக்கே தெரிந்தது. காலையிலும் சாயங்காலமும், சாப்பாட்டுக்கு முன்னாலும், ரயில் கிளம்புகிற நேரத்திலும், ஒரு மூச்சில் உருட்டிவிட்டுப் போன ஜெபம், ஒரு வார்த்தையிலும் நான் நின்றதில்லை. இப்போது ஒவ்வொரு வார்த்தையிலும் நிற்கிறேன், நிற்க வேண்டியிருக்கிறது, விட்டால் விழுந்துவிடுவேன். தீமையிலிருந்து காப்பாற்றும் என்று கேட்கிற இடத்துக்குப் போய்ச் சேர்ந்த அன்றைக்குத்தான், வாழ்நாளில் முதல் தடவையாக, நிஜமாகவே கேட்டேன். காப்பாற்றும் ஐயா, காப்பாற்றும், இல்லாவிட்டால் மூக்கு உடைந்துபோகும். ஆமென் என்றபோது சுடலைமணி கைதட்டினான். அப்புறம் அந்த ஜிம்மில் எல்லோருமே அந்த ஜெபத்தைச் சொல்லித்தான் பிளாங்க் நிற்கிறார்கள் என்றும், சத்தம் கேட்டு சைக்கிள் கடைக்காரர் கீழே எழுந்து நின்று தொப்பியைக் கழற்றுகிறார் என்றும் நான் சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். தொப்பியை வேண்டுமானால் விட்டுவிடுங்கள்.

மூன்றாவது வரிசை இறங்கிவிட்டது, அடுத்தது நாங்கள். அற்புதங்களைச் சொல்லாமல் விட்டுவிட்டேனே. இரண்டு அற்புதம் நடந்தது, இரண்டையும் கண்ணால் கண்டேன். முதலாவது அந்தத் துண்டு. தினமும் அதைப் பிழிந்தால் ஒரு செம்பு வேர்வை வரும், அப்படியே பையில் சுருட்டி வைத்து, பையை அலமாரியில் வைத்துவிடுவேன், துவைக்கப் போட்டால் வீட்டில் கேள்வி வருமே. ஒரு வாரம் இப்படிப் போனால் கீழ்வீட்டு நாய்கூட ஊரைவிட்டு ஓட வேண்டும். ஆனால் தினமும் விடியற்காலம் ஜிப்பைத் திறந்தால் துண்டு உலர்ந்து, மடிப்புக் கலையாமல், வெயிலில் காய்ந்த வாசத்தோடு இருந்தது. கால்சட்டையும் அப்படியே. வேதத்தில் ஒரு விதவைக்குப் பானையில் மாவு குறையவில்லை, கலயத்தில் எண்ணெய் தீரவில்லை என்று படிக்கிறோம், எனக்கு ஒரு நாறாத துண்டு. வேதம் வைத்த பையாயிற்றே, அந்தப் பரிசுத்தம் துண்டில் ஏறியிருக்கிறது என்று தீர்மானித்தேன். இரண்டாவது அற்புதம் சுடலைமணி. அவனுக்குத் தீர்க்கதரிசனம் இருந்தது. ஒரு சாயங்காலம் ஜங்ஷன் பக்கம் போனவன், அல்வாக் கடையைத் தாண்டும்போது கால் தானாக நின்றுவிட்டது, கால் வலிக்காரன் காலை வற்புறுத்தக் கூடாது, இலையில் கொஞ்சம் வாங்கிச் சாப்பிட்டு, வாயைத் துடைத்து, இலையைத் தூரத்தில் எறிந்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன், ஒரு ஆள் பார்க்கவில்லை. மறுநாள் நான் மாடிப்படி ஏறும்போதே அவன் மேலே நின்று, “நேத்து அல்வாவா அண்ணாச்சி? இன்னைக்கு நாற்காலியில உக்காந்து எழும்புத பயிற்சி ரெண்டு மடங்கு” என்கிறான். யாருடே சொன்னது என்றால் மூஞ்சி சொல்லுது என்கிறான். எனக்குச் சர்க்கரை இருக்கிறதும் அவனுக்குத் தெரிந்திருந்தது. நான் ராத்திரி சரியாகத் தூங்காததுகூடத் தெரிந்திருந்தது. பழைய ஏற்பாட்டுக் காலத்தில் பிறந்திருந்தால் ராஜாக்கள் இவனைக் கண்டு நடுங்கியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்து எழும்பினேன், உட்கார்ந்து எழும்பினேன். குதிங்காலை நல்லா ஊனுங்க, மூச்சை விட்டுக்கிட்டே எழும்புங்க என்பான், ஒவ்வொரு தடவையும் அதே சொல், அதே ராகம், எங்கள் ஐயர் ஆசீர்வாதம் கூறுகிற மாதிரி.

இதற்கிடையில் ஊர் ஒரு தப்பு பண்ணிக்கொண்டது, அதில் எனக்குப் பங்கில்லை. விடியற்காலம் வேதப் பையோடு கோயில் தெருவில் ஒருத்தன் போகிறான், ஒரு மணி நேரம் கழித்து முகமெல்லாம் நனைந்து, கால் நடுங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு திரும்புகிறான் என்றால் எங்கள் ஆட்கள் வேறு எதை நினைப்பார்கள்? கோயில்பிள்ளை பார்த்துவிட்டு ஐயரிடம் சொன்னார், ஐயர் பிரசங்கத்தில் சொன்னார், நம் சபையில் ஒரு மூத்தவர் இரகசியத்தில் போராடுகிறார் என்று, போராடுகிறேன்தானே, நான் தலையைக் குனிந்துகொண்டேன், குனிந்தால் தாழ்மை என்று அதற்கும் ஒரு பாராட்டு. மெலிந்ததும் உபவாசம் என்றார்கள். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தை நீங்களே நடத்துங்கள் என்று ஐயர் கேட்டுவிட்டார். பாக்கியமுத்து மட்டும், “என்ன வே, பரிசுத்தவான் ஆயிட்டீராமே? மூஞ்சி மினுங்குதே, தேங்காண்ணெய்யா?” என்றார். தங்கபுஷ்பமோ, யார் என்னைப் புகழ்ந்தாலும் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொள்வாள், பெருமையில் அழுகிறாள் என்று நினைத்தேன்.

என் வரிசை எழும்புகிறது. எழும்பிவிட்டேன், பெஞ்சிலிருந்து எழும்புவதெல்லாம் இப்போது எனக்குப் பாட்டுப் பாடுகிற மாதிரி. பேங்க் மேனேஜர் முன்னால் நிற்கிறார். நீங்க முதல்ல போங்க சார் என்று அவரை முந்தின வரிசையின் கடைசி இடத்துக்குத் தள்ளிவிடுகிறேன், அவரும் போய்விட்டார், இப்போது இந்த வரிசைக்கு நான் முதல் ஆள், ஆனால் இது பாதிதான், அவளும் முதல் ஆளாக வர வேண்டுமே, அவளுக்குத்தான் ஒன்றும் தெரியாதே. பெண்கள் பக்கம் பார்க்கிறேன். தங்கபுஷ்பம் நடையில் நின்று கைப்பையில் எதையோ தேடுகிறாள், பின்னால் நின்றவள் என்ன தேடுதீய அக்கா என்கிறாள், கண்ணாடியக் காணோம், நீ முன்னால போ என்கிறாள், அவளுக்குப் பின்னால் நின்றவளையும் போகச் சொல்கிறாள். கண்ணாடி மூக்கில்தான் இருக்கிறது. பாவம், வயசாகிறது அவளுக்கு. எப்படியோ அவள் வரிசைக்கு அவளே முதல் ஆளாகிவிட்டாள், தேவசித்தம், நடக்கிறேன், கால் வருகிறது, டெய்சி டீச்சரின் தாளத்துக்குத் தகுந்த மாதிரி வருகிறது, இறங்குவது பெரிதில்லை, இறங்குவது பெரிதில்லை, ஓரத்தில் நீல நாற்காலிகள், ஃபேன் சுற்றுகிறது, நடுவில் ஒரு நாற்காலியில் மடக்கின குடை படுத்திருக்கிறது, என் குடை இல்லை, என் இடம். “வே! எங்க போறீரு? இங்க, இங்க!” பாக்கியமுத்துவின் இரகசியக் குரல் நாலாவது பெஞ்சு வரைக்கும் கேட்கும். போ வே, உம்மை நான் எத்தனை தடவை மன்னித்திருக்கிறேன். கதவு வந்துவிட்டது. தேக்கு மரத்தில் செதுக்கின திராட்சைக் குலை, ஒன்றரை வருஷமாகக் கிட்டத்தில் பார்க்காத திராட்சைக் குலை. இடது காலை முன்னால் வைத்து, வலது முழங்காலை மெதுவாக, ஒரு மூட்டையை வைக்கிற மாதிரி இல்லாமல் ஒரு விளக்கை வைக்கிற மாதிரி, வைத்துவிட்டேன், இடது முழங்காலும் வந்துவிட்டது, மெத்தை அமுங்குகிறது, வலிக்கிறது, வலிக்கட்டும், இது தெரிந்த வலி, இதற்கு நான் பெயர் வைத்திருக்கிறேன். கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு, சேலை சரசரப்பு, தோளில் தோள் படுகிறது. திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டியதில்லை. பவுடர் வாசம், அதோடு என்னவோ ஒரு சோப்பு வாசம், வெயிலில் காய்ந்த துணி வாசம், எங்கேயோ தினமும் முகர்ந்த வாசம். ஐயர் வருகிறார், என்னைப் பார்த்து ஒரு வினாடி நின்றுவிட்டு அப்பத்தை உள்ளங்கையில் வைக்கிறார், காகிதம் மாதிரி லேசான அப்பம், இதைத் தாங்கத்தான் இத்தனை இரும்பைத் தூக்கினேனா, நாக்கில் கரைகிறது, ரசம் தொண்டையில் சூடாக இறங்குகிறது, சிரிப்பு வருகிறது, நற்கருணையில் சிரிக்கக் கூடாது, யார் சொன்னது, விருந்துதானே.

ஐயர் கையை உயர்த்திவிட்டார். சமாதானம் சொல்லிவிட்டார். வலப்பக்கம் எழும்புகிறார்கள். இடது பாதத்தை முன்னால் ஊன்றிவிட்டேன், அது வந்துவிட்டது, இப்போது ஏறு, ஏறுகிறது, தொடை இறுகுகிறது, பாதி வந்துவிட்டது, பாதியில் நின்றுவிட்டது. நிற்கிறதா? நிற்கிறது. மேலேயும் இல்லை கீழேயும் இல்லை, முழங்கால் யோசிக்கிறது, பழைய குரல், நீ போ, நான் வரவில்லை. கிராதியைப் பிடிக்கலாம், பிடித்தால் இழுக்க வேண்டும், இழுத்தால் அந்தத் திராட்சைக் குலையோடு கதவே கழன்று வரும், கோயில்பிள்ளை இரண்டடி முன்னால் வைத்துவிட்டார், தெரிகிறது, ஓரக்கண்ணில் தெரிகிறது, ஐயர் கண்ணை மூடப் போகிறார், மூடாதீர் ஐயா, மூடாதீர், டெய்சி டீச்சர் கடைசி அடியில் இருக்கிறாள், நாற்காலியில் குடை, கட்டில், சின்னப் பெட்டி, ஒரு விரற்கடை கீழே ஒரு கை இருக்கிறதா, இங்கே சுடலைமணி இல்லை, இது ஞாயிற்றுக்கிழமை, அவன் வரக் கூடாதென்று சொன்ன நாள், தொடை நடுங்குகிறது, காப்பாற்றும் என்று கேட்கிற அந்த இடத்து நடுக்கம், கேட்கிறேன், கேட்கிறேன். அப்போது தோளுக்குப் பக்கத்திலிருந்து, உதடு அசையாத ஒரு குரல்.

“குதிங்காலை நல்லா ஊனுங்க. மூச்சை விட்டுக்கிட்டே எழும்புங்க.”

அதே சொல். அதே ராகம். வரிசை முழுக்க எழும்பியும் அவள் மட்டும் எழும்பாமல் எனக்குப் பக்கத்திலேயே முழங்காலில் இருக்கிறாள். நாறாத துண்டு, மூஞ்சியில் தெரிந்த அல்வா, மூக்கில் இருக்கிற கண்ணாடியைத் தேடினது, சேலைத் தலைப்பால் பொத்தின வாய், எல்லாம் ஒரே சமயத்தில் வந்து நெஞ்சில் மோதி, அடக்க முடியாமல் ஒரு சிரிப்பு பொக்கென்று வெளியே வந்தது, மூச்சு மொத்தமும் அதோடு போனது, குதிங்கால் ஊன்றியிருந்தது, நான் நின்றுகொண்டிருந்தேன். யாரும் தூக்கவில்லை. நின்றுகொண்டிருந்தேன். கீழே பார்த்தால் கதவுக்கு மேலாக ஒரு கை நீண்டிருக்கிறது, “என்னையும் தூக்குங்க” என்கிறாள், ஒன்றரை வருஷமாக அவளும் தன்னந்தனியாக இந்தக் கதவைப் பிடித்துத்தான் எழும்பியிருக்கிறாள், நான் ஃபேனுக்குக் கீழே இருந்து முதுகை மட்டும் பார்த்தேன், முழங்காலைப் பார்க்கவில்லை. தூக்கினேன். சுடலைமணியின் எந்தக் கம்பியும் அவ்வளவு லேசாக வந்ததில்லை. டெய்சி டீச்சர் பாட்டு தீர்ந்ததும் நிறுத்தாமல், எங்களைப் பார்த்துக்கொண்டே, இன்னொரு தடவை முதலிலிருந்து வாசித்தாள். வேண்டுமென்றேதான்.

ஆராதனை முடிந்து வேப்பமரத்தடியில் செருப்புத் தேடும்போது, எப்போதிருந்து தெரியும் என்றேன். “மொத நாள்லயிருந்து. அலமாரியில துணிக்குப் பின்னால வேதத்த ஒளிச்சு வச்சிட்டு ஜெபத்துக்குப் போற மனுஷன இப்பத்தான் பாக்கேன். பின்னாலயே வந்து பாத்தேன், சைக்கிள் கடை மாடி ஏறுதீய. அன்னைக்குச் சாயங்காலமே போயி அந்தத் தம்பிட்ட, சர்க்கரை இருக்கு, பாத்து நடத்துன்னு சொல்லிட்டு வந்தேன்.” அல்வா? “சட்டைப் பையில நெய்க்கறை. நான்தான துவைக்கேன். ராத்திரியே தம்பிக்குப் போன் போட்டேன், எழும்புத பாடத்தையும் அவன் ராகத்தோட அப்பவே கேட்டுக்கிட்டேன்.” துண்டு? “துண்ட யாரு துவைச்சான்னு நினைச்சீய?” அற்புதம் என்று நினைத்தேன் என்றேன். சேலைத் தலைப்பை வாய்க்குக் கொண்டுபோனாள், ஆனால் இந்தத் தடவை பொத்தவில்லை, கோயில் வாசல் முழுக்கத் திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்தாள். “அற்புதந்தான். சோப்பு போட்ட அற்புதம். நாளையிலருந்து ரெண்டு துண்டு துவைக்கணும், எனக்கும் முட்டி வலிக்கி.” இப்போது அந்த ஜிப்புப் பை புடைத்துக்கொண்டிருக்கிறது, பெண்களுக்குத் தனி நேரம் உண்டு என்று சுடலைமணி பலகையே மாட்டிவிட்டான், கணவனும் மனைவியுமாக விடியற்காலம் ஜெபத்துக்குப் போகிறார்கள் என்று ஐயர் அடுத்த பிரசங்கத்துக்குக் குறித்து வைத்திருப்பதாகக் கேள்வி. நானும் அவளும் இதுவரை ஒருத்தரிடமும் ஒரு பொய்யும் சொல்லவில்லை, கேட்டவர்களுக்கெல்லாம் கோயில் பக்கம் என்றுதான் சொல்லியிருக்கிறோம். ஒரே ஒரு சிக்கல்தான். அன்றைக்கு நாங்கள் வாசலைத் தாண்டும்போது பாக்கியமுத்து வாத்தியார் நாற்காலியிலிருந்த குடையை எடுத்து அக்குளில் வைத்துக்கொண்டு பின்னாலேயே நொண்டி நொண்டி வந்தார். கண் கலங்கியிருந்தது. “வே, அருமைநாயகம், உம்ம கதை ஒண்ணையும் நான் நம்புனதில்ல. இத என் கண்ணால பாத்துட்டேன். அந்த ஜெபம் எத்தன மணிக்கு வே? நானும் வாறேன்.” வாழ்நாளில் முதல் தடவையாக என்னை நம்பின மனுஷனிடம் எப்படிச் சொல்வது? ஆனால் அவர் வரத்தான் வேண்டும், அவர் முழங்காலும் கிராதிக்குத் திரும்பத்தான் வேண்டும், எனக்கு வலப்பக்கம் ஒரு இடம் இருக்கிறது. அதனால் உங்களுக்கு அந்தப் பக்கம் போக வேலையிருந்தால், சைக்கிள் கடை மாடி, கால்சட்டையும் துண்டும் எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள் என்று மட்டும் அவர் காதில் மெதுவாகப் போட்டுவையுங்கள். யார் சொன்னது என்று நிச்சயம் கேட்பார், விடாமல் கேட்பார், வாத்தியாராயிற்றே. என் பெயர் மட்டும் உங்கள் வாயில் வரக் கூடாது. களக்காட்டு மலையிலிருந்து ஒரு கரடி வந்து சொல்லிவிட்டுப் போனது என்று சொல்லிவிடுங்கள்.